பார்க்க வந்தவன் கையில் கொத்துச்சாவி எதற்கு?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் பி.காம். மூன்றாம் வருடம். பொட்டி தட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல. "டெபிட், கிரெடிட் எழுதுறவனுக்கு குபெர்நெடிஸ் எதுக்குடா?" என்று கேட்கப் போகும் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்து, முழுசாகப் படித்துவிட்டு வந்து திட்டவும். இது உங்கள் ஏரியா என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்கள் ஏரியா என்று நான் சொல்கிறேன். சண்டையே அங்கேதான்.

குபெர்நெடிஸ் கிளஸ்டருக்கு டாஷ்போர்டு போடுவது எப்படி என்று தேடிப் பாருங்கள். எழுத்தாகவும் வீடியோவாகவும் வந்து கொட்டும். நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி ஒரே சமையல் குறிப்புதான். டாஷ்போர்டை நிறுவு. 'அட்மின்-யூசர்' என்று ஒரு கணக்கைத் திற. அதற்கு 'கிளஸ்டர்-அட்மின்' அதிகாரத்தைக் கொடு. எங்கிருந்தும் திறக்க வசதியாக 'நோட்போர்ட்' என்ற வாசலைத் திறந்துவிடு. டோக்கனை ஒட்டு. "வாழ்த்துக்கள், உங்கள் டாஷ்போர்டு தயார்!" பின்னணியில் மியூசிக் வேறு.

இந்தக் குறிப்பில் முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் அலட்சியம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. குபெர்நெடிஸ் டாஷ்போர்டின் சொந்த ஆவணத்தில், அந்த மாதிரிக் கணக்கைத் திறக்கச் சொல்லும் பக்கத்திலேயே, இது பாதுகாப்புக்கு ஆபத்தாகலாம், என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள் என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். வழிகாட்டி எழுதிய புண்ணியவான்கள் கட்டளையை மட்டும் காப்பி செய்துகொண்டு, எச்சரிக்கையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

நிற்க. என் வகுப்பு மக்களுக்காக ஒரு பாரா. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். துறைமுகத்தில் பார்க்கிற கன்டெய்னர் மாதிரியேதான். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒரே அளவு, எந்தக் கப்பலிலும் ஏறும். 2013-ல் டாக்கர் வந்து இதைப் பிரபலமாக்கியது. பொட்டலங்கள் நூற்றுக்கணக்கில் பெருகியதும் எதை எந்தக் கம்ப்யூட்டரில் இறக்குவது, ஒன்று படுத்துவிட்டால் யார் எழுப்புவது என்று பார்க்க ஒரு மேஸ்திரி தேவைப்பட்டார். 2014-ல் கூகுள் வெளியிட்ட குபெர்நெடிஸ்தான் அந்த மேஸ்திரி. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். மேஸ்திரிக்குக் கீழே வேலை செய்யும் கம்ப்யூட்டர்களின் கூட்டம் கிளஸ்டர். அதில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு. மேஸ்திரியிடம் கருப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் பேச வேண்டும். கட்டளை வராதவர்களுக்கு, எது ஓடுகிறது, எது படுத்திருக்கிறது என்று உலாவியிலேயே படமாகக் காட்டுவது டாஷ்போர்டு.

கடைசி வரியை மறுபடி படியுங்கள். கட்டளை வராதவர்களுக்கு. அதாவது என்னை மாதிரி ஆட்களுக்கு. பதிவுப் பக்கம் திறக்கவில்லை என்று நாலு பேர் போன் செய்தால், சர்வர் படுத்துவிட்டதா, இல்லை அவர்கள் நெட் பேக் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்களுக்கு. இவர்களுக்குத் தேவை ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகப் பார்க்க எந்த அதிகாரமும் வேண்டாம். ஆனால் நம் வழிகாட்டிகள் கொடுப்பதோ ஊரிலேயே பெரிய அதிகாரம்.

கிளஸ்டர்-அட்மின் என்றால் சும்மா இல்லை. அந்த டோக்கன் கையில் இருந்தால் கிளஸ்டரில் உள்ள எதையும் அழிக்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வகையறாக்கள் 'சீக்ரெட்' என்ற பெயரில் வைக்கப்பட்டிருக்கும், எல்லாவற்றையும் படிக்கலாம். (பெயர்தான் சீக்ரெட். நாமாகச் சொல்லி வைத்தால் ஒழிய அது பூட்டி வைக்கப்படுவதில்லை, பேஸ்64 என்ற வேறு எழுத்தில் மாற்றி வைக்கப்படுகிறது, அவ்வளவே. மாற்றிய எதையும் யாரும் திருப்பி மாற்றலாம்.) அதைவிட மோசம், நோடின் சொந்த டிஸ்க்கையே உள்ளே இழுத்துக்கொள்ளும்படி ஒரு புதுக் கன்டெய்னரை ஓட்டலாம். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரே அவன் சொத்து. பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்தவரிடம் லாக்கர் ரூம் கொத்துச்சாவியை நீட்டி, "பாத்துட்டு மேசை மேலயே வெச்சுடுங்க சார்" என்று சொல்லும் வங்கியைப் பார்த்திருக்கிறீர்களா?

"சும்மா பயம் காட்டாதே, யார் வந்து நம்ம கிளஸ்டரைத் தேடப் போறான்?" இதுதான் எனக்குக் கிடைக்கும் முதல் பதில். தேடுகிறவன் ஆள் இல்லை, ஸ்கிரிப்ட். அது பெயர் பார்த்து வருவதில்லை; திறந்திருக்கிற போர்ட்டைப் பார்த்து வருகிறது.

2018 பிப்ரவரி 20-ம் தேதி ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு செய்தியானது. மாட்டியது டெஸ்லா. ஆமாம், அதே மின்சார கார் டெஸ்லா. அவர்களுடைய ஒரு குபெர்நெடிஸ் கன்சோல் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. உள்ளே போனவர்களுக்கு அமேசான் கிளவுட் கணக்கின் சாவிகள் கிடைத்தன. அந்தச் சாவிக்கு ஒரு சேமிப்பகம் திறந்தது. அதில் கார்களின் டெலிமெட்ரி தகவல்கள் இருந்தன. ஆனால் வந்தவர்களின் முக்கியமான தொழில் அது இல்லை. டெஸ்லாவின் கம்ப்யூட்டர்களில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் எவ்வளவு நிதானமாக! பிரபலமான சுரங்கக் கூட்டு எதிலும் சேரவில்லை. தங்கள் சர்வர் முகவரியை கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். பிராசஸர் பயன்பாடு எகிறினால் யாராவது கவனிப்பார்கள் என்று மெதுவாகவே ஓட்டினார்கள். தகவல் வந்த சில மணி நேரத்தில் அடைத்துவிட்டோம், உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கார்களோடு பாதிப்பு முடிந்தது என்று டெஸ்லா விளக்கம் கொடுத்தது. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே இதே ரெட்லாக், பாஸ்வேர்டு இல்லாத நூற்றுக்கணக்கான குபெர்நெடிஸ் கன்சோல்களைக் கண்டதாகச் சொல்லியிருந்தது. அதில் அவிவா காப்பீட்டு நிறுவனமும் சிம் கார்டு தயாரித்த ஜெமால்டோவும் இருந்தன.

இந்தத் திருட்டை ஒரு காமர்ஸ் மாணவனாகப் பார்த்தால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. நாணயம் தோண்டுவதில் பெரிய செலவே கரண்டும் இயந்திரமும்தான். அது இரண்டும் அடுத்தவன் பில்லில் போய்விட்டால்? வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் முழுசும் லாபம். அதனால்தான் கிளஸ்டர் சின்னது என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை. உங்கள் சின்ன கிளஸ்டரும் அவனுக்கு இலவசக் கரண்ட். மாதக் கடைசியில் பில் யார் பெயருக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அதே வாரத்தில் நம் ஊரில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2018 பிப்ரவரி 14-ம் தேதி பஞ்சாப் நேஷனல் பேங்க் பங்குச் சந்தைக்குத் தகவல் கொடுத்தது. மும்பைக் கிளை ஒன்றில் முறைகேடான பரிவர்த்தனைகள், சுமார் 11,400 கோடி ரூபாய். வங்கியின் உத்தரவாதங்கள் ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. வங்கியின் முதன்மைக் கணக்கு மென்பொருளில் அவற்றுக்குப் பதிவே இல்லை. இரண்டு மென்பொருளும் அப்போது இணைக்கப்படவில்லை. அதிகாரம் மிகுந்த ஒரு ஜன்னல். அதில் நடப்பது பேரேட்டுக்கு வராது.

டெஸ்லாவையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கே நடந்தது வெளியாள் திருட்டு, இங்கே உள்ளாள் விவகாரம். ஆனால் ஓட்டை ஒரே ஜாதி. ஆடிட்டிங் பேப்பரில் இன்டர்னல் செக் என்று மனப்பாடம் செய்கிறோமே, ரொக்கம் வாங்குபவன் ரொக்க ஏடு எழுதக் கூடாது, ஒருவன் செய்ததை இன்னொருவன் பார்க்க வேண்டும், யார் செய்தார் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று. இப்போது நம் 'அட்மின்-யூசர்' விஷயத்துக்கு வாருங்கள். அந்த ஒரு டோக்கனை 6 பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். யார் எதை அழித்தாலும் குபெர்நெடிஸுக்குத் தெரிவது அட்மின்-யூசர் அழித்தார் என்பது மட்டும். 6 கேஷியரும் ஒரே கையெழுத்துப் போடும் கடை. அந்தப் பதிவாவது இருக்கிறதா என்றால், நாமே நிறுவிய கிளஸ்டரில் அதுவும் பெரும்பாலும் கிடையாது. தணிக்கைக் கொள்கை என்று ஒரு கோப்பு எழுதிக் கொடுக்காதவரை ஏபிஐ சர்வர் தணிக்கைப் பதிவு எதையும் எழுதாது. டாஷ்போர்டு வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி கூட நான் பார்த்ததில்லை. டார்க் தீம் எப்படி மாற்றுவது என்று இருக்கிறது.

எதற்கு இவ்வளவு கோபம் என்கிறீர்களா? எங்கள் கல்லூரி விழாக்களுக்குப் பதிவு செய்யும் மென்பொருள் இப்படி ஒரு கிளஸ்டரில்தான் ஓடுகிறது. வெளிநாட்டு கிளவுட் கம்பெனி ஒன்றில் மாத வாடகைக்கு எடுத்த 3 சின்ன சர்வர், அதில் கே3எஸ். (ஒரு பதிவுப் படிவத்துக்கு 3 சர்வர் எதற்கு என்று கேட்காதீர்கள். ரெஸ்யூமேக்கு :-)) பெயர், போன் நம்பர், கட்டணம் கட்டிய யுபிஐ ஸ்கிரீன்ஷாட், பரிசு அனுப்ப வங்கிக் கணக்கு எண் என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. பதிவு செய்தவர்களில் முதல் வருடப் பிள்ளைகள் நிறைய. இதை அமைத்துக் கொடுத்த சீனியர் அண்ணன் மேலே சொன்ன சமையல் குறிப்பை ஒரு எழுத்து மாறாமல் செய்திருக்கிறார். டாஷ்போர்டு வாசல் உலகத்துக்கே திறந்திருக்கிறது. டோக்கனை விழாக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு பின் செய்தும் வைத்தார். அந்தக் குரூப்பில் படிப்பு முடித்துப் போனவர்களும் இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2022-ல் வந்த 1.24 வெளியீட்டிலிருந்து குபெர்நெடிஸ் காலாவதியாகாத டோக்கனைத் தானாக உருவாக்கித் தருவதை நிறுத்திவிட்டது. கேட்டால் குறுகிய கால டோக்கன் தரும். வழக்கமாக 1 மணி நேரம். நல்ல மாற்றம்தானே? உடனே வழிகாட்டிகளில் ஒரு புதுப் படி முளைத்தது: "அடிக்கடி லாகின் செய்வது தொல்லையாக இருக்கிறதா? இப்படி ஒரு சீக்ரெட்டைக் கையால் உருவாக்கினால் நிரந்தர டோக்கன் கிடைக்கும்." பூட்டுக் கம்பெனி புதுப் பூட்டு போட்டுக் கொடுக்கக் கொடுக்க, இவர்கள் சாவியை மிதியடிக்கு அடியில் வைக்கப் புதுப்புது வழி கண்டுபிடிக்கிறார்கள். இது இன்று நேற்று நடப்பதல்ல. 1.7-க்கு முந்தைய டாஷ்போர்டுக்கு லாகின் பக்கமே கிடையாது. முழு அதிகாரத்தோடுதான் வந்தது. 2017-ல் வந்த 1.7-ல் அதிகாரத்தைச் சுருக்கி லாகின் வைத்தார்கள். ஆனால் 'ஸ்கிப்' என்று ஒரு பொத்தானும் இருந்தது. நம்மாட்கள் என்ன செய்தார்கள்? டாஷ்போர்டின் சொந்தக் கணக்குக்கே கிளஸ்டர்-அட்மினைக் கொடுத்துவிட்டு ஸ்கிப்பை அழுத்தச் சொன்னார்கள். பிறகு அந்தப் பொத்தானையே மறைக்க வேண்டி வந்தது.

2020 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு கண்டறிதலும் இதே கதைதான். கியூப்ஃப்ளோ என்று இயந்திரக் கற்றலுக்கான ஒரு தொகுப்பு குபெர்நெடிஸ் மேல் ஓடும். அதன் டாஷ்போர்டு இயல்பாக கிளஸ்டருக்கு உள்ளே இருந்துதான் திறக்கும். வெளியே இருந்து பார்க்க வேண்டுமானால் சுரங்கம் மாதிரி ஒரு வழி போட்டுக்கொள்ள வேண்டும். அது சிரமம் என்று சிலர் அமைப்பை மாற்றி நேராக இணையத்தில் திறந்துவிட்டார்கள். வந்தார்கள் நாணயம் தோண்டிகள். கவனியுங்கள், மென்பொருளில் ஓட்டை இல்லை. ஓட்டையைப் போட்டது வசதி.

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம். "கத்துக்கிற இடத்துல இதெல்லாம் பாக்க முடியாதுடா" என்பார்கள். சொந்த லேப்டாப்புக்குள் மட்டும் ஓடும் கிளஸ்டரில் எதை வேண்டுமானாலும் உடையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பொது முகவரி உள்ள சர்வரில், அடுத்தவர் போன் நம்பரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? அதோடு, கற்கும்போது விரலுக்குப் பழகியதைத்தான் வேலைக்குப் போன பிறகும் விரல் தட்டும்.

"அப்போ டாஷ்போர்டே வேணாம், கட்டளை தெரிஞ்சவன் மட்டும் கிளஸ்டரைத் தொடட்டும்" என்று இன்னொரு கோஷ்டி. இவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். இது பாதுகாப்பு அக்கறை இல்லை, ஜாதிப் பெருமை மாதிரி ஒன்று. கணக்கு எழுதத் தெரிந்தவன் மட்டும் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கலாம் என்று நாங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? பங்குதாரர் பார்க்கத்தான் பேலன்ஸ் ஷீட். பார்க்கலாம், திருத்த முடியாது. அதே ஏற்பாடுதான் நான் கேட்பதும்.

அந்த ஏற்பாடு குபெர்நெடிஸுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எரிச்சல். 'வியூ' என்று ஒரு அதிகாரம் உடன்பிறப்பாகவே வருகிறது. எதையும் மாற்ற முடியாது. சீக்ரெட்டுகளைப் பார்க்கவும் முடியாது. சீக்ரெட்டைப் படிக்க விட்டால் அதில் இருக்கும் வேறு கணக்கின் டோக்கனை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவான் என்று யோசித்தே அப்படி வைத்திருக்கிறார்கள். இதை ஒருவருக்கு முழு கிளஸ்டருக்கும் கொடுக்கலாம், அல்லது விழா மென்பொருள் இருக்கும் ஒரே ஒரு நேம்ஸ்பேஸுக்கு மட்டும் கொடுக்கலாம். 6 பேர் என்றால் 6 கணக்கு, 6 பெயர். ஒரே ஒரு சங்கடம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். முழு கிளஸ்டருக்கே வியூ கொடுத்திருந்தாலும் நோடு பக்கத்தைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் நோடுகள் வியூவில் சேர்த்தி இல்லை. "வேலை செய்யல" என்று சொல்லி ஆட்கள் கிளஸ்டர்-அட்மினுக்குத் தாவும் இடம் இதுதான். தாவ வேண்டாம். நோடுகளை எடுக்க, பட்டியலிட, கவனிக்க மட்டும் ஒரு சின்ன ரோல் எழுதிச் சேர்த்தால் போதும், பத்து வரி கூட வராது. (கட்டளைகளை நான் இங்கே போடப் போவதில்லை. போட்டால் அதையும் படிக்காமல் காப்பி-பேஸ்ட் செய்வீர்கள். அதைத் திட்டத்தான் இந்தப் பதிவே.)

வாசலுக்கும் அப்படித்தான். நோட்போர்ட் வேண்டாம். டாஷ்போர்டை கிளஸ்டருக்கு உள்ளேயே வைத்து, பார்க்க வேண்டியபோது போர்ட்-ஃபார்வர்டு செய்து உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்துகொள்ளலாம். பழைய குபெர்நெடிஸ் டாஷ்போர்டைப் புதிதாகப் போடவும் செய்யாதீர்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டுவிட்டது, குபெர்நெடிஸ் ஆவணமே ஹெட்லாம்ப் பக்கம் கை காட்டுகிறது. ஹெட்லாம்ப் நல்ல மென்பொருள். கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளும் வடிவமும் உண்டு. டாஷ்போர்டை சர்வரில் வைக்கவே தேவையில்லை, இணையத்தில் திறக்கும் பேச்சே கிடையாது. என்னைக் கேட்டால் எங்களைப் போன்ற குழுக்களுக்கு அதுதான் சரி. ஆனால் பாருங்கள், ஹெட்லாம்பை கிளஸ்டரில் நிறுவும் ஆவணத்திலும் உள்ளே நுழைய உதாரணமாகக் கொடுத்திருக்கும் கணக்கு, அதே கிளஸ்டர்-அட்மின். கடை மாறியும் சரக்கு மாறவில்லை. வழிகாட்டி எழுதுபவர்கள் இந்நேரம் காப்பி எடுத்திருப்பார்கள்.

எங்கள் விழா கிளஸ்டர் விஷயம் இன்னும் முடியவில்லை. சொல்லிச் சொல்லி, வாட்ஸ்அப்பில் பின் செய்திருந்த மெசேஜை 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' செய்துவிட்டு "க்ளியர் பண்ணியாச்சு தம்பி" என்கிறார்கள். அண்ணே, காப்பி எடுத்தவன் எடுத்திருப்பான். அது நிரந்தர டோக்கன். அதைத் தாங்கும் சீக்ரெட்டை கிளஸ்டரில் அழித்தால்தான் டோக்கன் செல்லாமல் போகும். ஒரே ஒரு கட்டளை. அடுத்து நோட்போர்ட்டை மூட வேண்டும். அதன் பிறகு டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும், இத்தனை நாளில் யார் படித்தார்கள் என்று சொல்ல நம்மிடம் பேரேடு இல்லையே. அடுத்த விழாவுக்கான பதிவு இன்னும் திறக்கவில்லை. அதற்குள் இந்த மூன்றையும் செய்துவிட்டால் என் போன் நம்பரை நானே முதல் ஆளாகப் பதிகிறேன். அதுவரை ரொக்கமும் நோட்டுப் புத்தகமும்தான் என்று எங்கள் வகுப்பில் சொல்லிவிட்டேன்.